மெல்லிய தகட்டில் சுழிகள் உருகாமல் வெட்ட

கேள்வி: சுங்கை சிப்புட்டில் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறோம். தோட்டத்துக் கோயில் நுழைவாயிலுக்கு 1.2 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் ‘ஸ்ரீ மகா மாரியம்மன்’ என்று எழுத்து துளையாகத் தெரியும்படி சிஎன்சி பிளாஸ்மாவில் (கணினி சொல்லும் கோட்டில் ஓடி, மின்சூட்டால் இரும்பை உருக்கி வெட்டும் மெஷின்) வெட்ட வேண்டும். நேர்கோடுகள் பரவாயில்லை. எழுத்தின் சுழிகள் உருகுகின்றன, அடியில் கசடு ஒட்டுகிறது, தகடும் நெளிகிறது. டார்ச் முனையில் உள்ள 60 ஆம்பியர் நாசிலை வைத்தே ஆம்பியரைக் குறைத்தோம், வேகத்தையும் குறைத்தோம். பலன் இல்லை.

பதில்: வேகத்தைக் குறைத்ததுதான் கோளாறைக் கூட்டியிருக்கிறது. கனமான பிளேட்டில் பழகியவர்கள் வெட்டு கெட்டதும் மெதுவாகப் போவார்கள். மெல்லிய தகட்டில் டார்ச் தங்கத் தங்க, அதிலிருந்து பாயும் ஆர்க் (இரும்பை உருக்கும் மின்வில்) பக்கவாட்டில் பரவி, தேவைக்கு மேல் இரும்பை உருக்கும். உருகியது முழுவதும் வெளியேறாமல் அடி விளிம்பில் தொங்கி உறைந்துவிடும்.

கசடைத் தொட்டுப் பாருங்கள். தடிப்பாக, நுரைத்தாற்போல் இருந்து, உளியால் தட்டியதும் பாளமாக உதிர்ந்தால் வேகம் போதவில்லை. மெல்லிய கம்பி போல விளிம்போடு பற்றி, கிரைண்டர் வைத்தால்தான் போகும் என்றால் வேகம் அதிகம். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது முதல் வகை.

அடுத்தது நாசில். 60 ஆம்பியர் நாசிலில் 30 ஆம்பியர் ஓட்டினால் மெல்லிய வெட்டு வராது. துளை பெரியது, ஆர்க் இறுகாது. உங்கள் டார்ச்சுக்கு ஃபைன்கட் வகை நாசில் கிடைக்குமா என்று கேளுங்கள். 30 முதல் 45 ஆம்பியருக்குள் ஓடும் சிறுதுளை நாசில் அது. இந்த வேலைக்கு நீங்கள் செய்யும் செலவுகளில் முதலாவது இதுவாக இருக்கட்டும்.

இனி சுழிக்கு வருவோம். நிமிடத்துக்கு 6,000 மில்லிமீட்டர் என்று போட்டால் வினாடிக்கு 100. எடை குறைந்த சிறு மேசைகளில் முடுக்கம் வினாடிக்கு வினாடி 500 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 8 மில்லிமீட்டர் ஆரமுள்ள சுழியில் அந்த மெஷினால் நிமிடத்துக்குச் சுமார் 3,800க்கு மேல் போக முடியாது. திரையில் 6,000 என்று இருந்தாலும் ‘ன்’ வந்ததும் அது தானாகவே மெதுவாகிவிடும், ஆம்பியர் மட்டும் அப்படியே நிற்கும். நேர்கோடு அதிகமுள்ள ரோமன் எழுத்தை நன்றாக வெட்டும் மெஷின் தமிழில் திணறுவது இதனால்தான். எனவே, சுழியில் மெஷினால் உண்மையாகவே பிடிக்க முடிந்த வேகத்தை முதலில் கண்டுபிடியுங்கள். முழு எழுத்தையும் அதே வேகத்தில் வைத்து, அந்த வேகத்துக்கு ஏற்ப ஆம்பியரை இறக்குங்கள். கழிவுத் தகட்டில் ஒரே ‘ன்’-ஐ ஆம்பியரை மாற்றி மாற்றி வெட்டினால் ஒரு மாலையில் விடை கிடைத்துவிடும்.

ஆர்க் மின்னழுத்தத்தைப் பார்த்து டார்ச்சை ஏற்றி இறக்கும் தானியங்கி உயரக் கட்டுப்பாட்டை எழுத்து வெட்டும்போது நிறுத்திவிடுங்கள். வளைவில் வேகம் குறைந்தால் வெட்டு அகலமாகி ஆர்க் மின்னழுத்தம் ஏறும். டார்ச் உயர்ந்துவிட்டதாக எண்ணி அது கீழே இறக்கிவிடும். உயரத்தை நிலையாக வையுங்கள். ஃபைன்கட்டுக்குப் பெரும்பாலும் வெட்டும்போது 1.5 மில்லிமீட்டர், துளைக்கும்போது 3.8. துளைத்து நிற்கும் நேரம் 0.1 வினாடிக்கு மேல் வேண்டாம். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு: டார்ச் முனையால் அழுத்தித் தகட்டைத் தேடும் மேசைகளில் மெல்லிய தகடு கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், டார்ச் ஏறியதும் மேலே எழும்பிவிடும். நீங்கள் 1.5 என்று நினைப்பது உண்மையில் 1 ஆக இருக்கும். தொட்டவுடன் மின்சாரத்தால் உணரும் அமைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் தகட்டுக்கடியில் சட்டங்களை நெருக்கமாக வையுங்கள்.

கம்ப்ரசரிலிருந்து டார்ச்சுக்குப் போகும் காற்றையும் பார்க்க வேண்டும். மதியத்துக்கு மேல் மழை கொட்டும் ஊரில் கம்ப்ரசர் தொட்டியில் நீர் சேராமல் இருக்காது. தினமும் வடித்துவிடுங்கள். நீர்பிடிப்பானைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டினால் பயன் குறைவு. சூடான காற்றில் நீர் ஆவியாகவே கடந்துபோகும். சில மீட்டர் இரும்புக் குழாயில் ஓடி ஆறிய பிறகு, டார்ச்சுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். வசதி இருந்தால் குளிரூட்டி உலர்த்தும் டிரையர் வாங்கலாம். ஈரக்காற்றில் டார்ச்சுக்குள் ஆர்க் கிளம்பும் எலெக்ட்ரோடு சீக்கிரம் தேயும். அதன் நடுக்குழியின் ஆழம் 1.6 மில்லிமீட்டரைத் தாண்டினால் மாற்றுங்கள். நாசில் துளை வட்டம் கெட்டு முட்டை வடிவமானால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பிளாஸ்மா காற்று சுழன்று வருவதால் பெரும்பாலான டார்ச்சுகளில் போகும் திசைக்கு வலப்புற விளிம்பே செங்குத்தாக வரும். உங்களுக்கு வேண்டியது எழுத்துக்கு வெளியே உள்ள தகடு. ஆகவே எழுத்தின் வெளிக்கோட்டை இடஞ்சுழியாக ஓட்டுங்கள், தொடக்கத்தைக் கழிவுப் பகுதியில் வையுங்கள். சுழியின் நடுத்துண்டு கழன்று விழாமல் இருக்க 3 மில்லிமீட்டர் அகலத்தில் பாலம் விட வேண்டும். பாலத்தின் இரு பக்கமும் அந்தத் துண்டுக்குரிய கோட்டை வலஞ்சுழியாகவே ஓட்டினால் நல்லது.

நெளிவுக்கு, ஒரே பக்கத்திலிருந்து வரிசையாக வெட்டாமல் எழுத்து விட்டு எழுத்து மாறி மாறி வெட்டுங்கள். தகட்டுக்கடியில் நீர் நிற்கும் தண்ணீர் மேசை என்றால் நீர்மட்டத்தைத் தகட்டின் அடிவரை ஏற்றலாம். கசடு சற்றுக் கூடும், ஆனால் நெளிவு நன்றாகக் குறையும்.

துருப்பிடிக்காது என்று ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால், துத்தநாகப் புகை அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் தரும். பால் குடித்தால் போகும் என்பதை நம்ப வேண்டாம். புகையை உறிஞ்சும் விசிறியும் உலோகப் புகைக்கான முகமூடியும் இல்லாமல் அதை வெட்டாதீர்கள். சாதாரணத் தகட்டை வெட்டி, பிறகு பிரைமர் அடிப்பதே உங்கள் பட்டறைக்கு ஏற்றது.