விக்கிப்பீடியாவில பெரியப்பா – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் முள்ளியவளைப் பக்கம் ரீச்சரா இருக்கிறன். எங்கட பெரியப்பா கோவலன் கூத்துப் பழக்கிற அண்ணாவியார், எழுபது தாண்டியிட்டுது, இப்பவும் வைகாசி வந்தா வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்துதான் போவார். போன மாதம் மகன் போனில காட்டினான், விக்கிப்பீடியாவில அவரைப் பற்றி ஒரு பக்கம் கிடக்கு, ஆர் எழுதினதெண்டு தெரியாது. பிறந்த வருசம் பிழை. புலிகள் இயக்கத்தின்ர கலை பண்பாட்டுக் கழகத்தில பொறுப்பாளரா இருந்தவராம், அவர் ஒரு பொறுப்பிலயும் இருக்கேல்லை, கூப்பிட்ட மேடையில ஆடினதோட சரி. பேருக்கு முன்னால நாட்டுப்பற்றாளர் எண்டு போட்டிருக்கு. கடைசியில "இவரது மகன் 2009 இல் இறந்தார்" எண்டு பேரோட ஒரு வரி. அண்ணா காணாமல் போனவர் ஐயா, பெரியம்மா இப்பவும் பைலைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோரா திரியிறா. மகன் முழுசையும் அழிச்சான், கொஞ்ச நேரத்தில பழையபடி வந்திட்டுது, காரணமில்லாமல் நீக்கினதாம். எங்கட ஆளைப் பற்றி எங்களுக்குத் தெரியாததோ? பக்கத்தையே தூக்குவிக்க வழி இருக்கோ? வெளிநாட்டில இருந்துகொண்டு எங்களைப் பற்றி எழுத அவைக்கு என்ன உரிமை?

பேர் போடாதேங்கோ.

*

பிள்ளை,

பேர் போடேல்லை, உறவுமுறையையும் வயசையும் கூட கொஞ்சம் மாத்தித்தான் போட்டிருக்கிறன், உங்கட கடிதத்தின்ர விசயமே அதெண்டபடியா.

உங்கட மெயில் வந்த நேரம் நானும் உதுக்குள்ளதான் கிடந்தனான். சிநேகிதர் ஒருத்தர் வன்னி எழுத்தாளர், கூத்துக்காரர் பற்றி ஆளுக்கு அரைப் பக்கம் எழுதித் தாங்கோ எண்டு கேட்டு நானும் ஓமெண்டு சொல்லிப்போட்டு, பேர், ஊர், பிறந்த வருசம் எண்டு எழுதி ஒரு கோடு போட்டாப் பிறகு அங்கால கை ஓடுதில்லை. ஏனெண்டு பிறகு சொல்லுறன்.

முதல் மகனுக்கு ஒரு குட்டு. முழுசையும் அழிச்சுப்போட்டு ஒரு வரி காரணமும் எழுதாட்டி அங்க காவல் நிக்கிறவன் என்ன செய்வான்? இருட்டுக்குள்ள பட்டியில ஆள் பூந்தா நாய் குலைக்கத்தான் செய்யும், வீட்டுக்காரனோ கள்ளனோ எண்டு விசாரிச்சுக்கொண்டு நிக்காது. பக்கத்தைத் தூக்குவிக்கிற கதையை விடுங்கோ, வன்னியில ஒரு அண்ணாவியாருக்கு பேஜ் இருக்கிறதே அருமை. வெளிநாட்டாக்களுக்கு என்ன உரிமை எண்டது சண்டை பிடிக்க நல்ல கேள்வி, வேலைக்கு உதவாது. 2003 இல தமிழ் விக்கிப்பீடியா தொடங்கேக்க அதைத் தூக்கி நிறுத்தின மயூரநாதன் யாழ்ப்பாணத்து ஆள், வளைகுடாவில வேலை செய்துகொண்டுதான் அவ்வளவும் எழுதினவர். தூரத்தில இருந்து எழுதுறது பிழையில்லை, கேட்டறியாமல் எழுதுறதுதான் பிழை.

இனி வரி வரியாப் பாப்பம். பிறந்த வருசம் சின்ன விசயம், கட்டுரையைப் பற்றிக் கதைக்கிறதுக்கெண்டு அதோட இருக்கிற பேச்சுப் பக்கத்தில எழுதிவிடுங்கோ. திகதி, மாதமெல்லாம் குடுக்கவேண்டாம், உயிரோட இருக்கிறவருக்கு வருசம் காணும், முழுத் திகதியும் கிடந்தா அதை வைச்சு என்னென்ன செய்யிறாங்கள் எண்டு பாங்குக்காரரைக் கேட்டால் சொல்லுவினம்.

பொறுப்பாளர் எண்ட வரிதான் நெருப்பு. உதை எழுதின பொடியன் பெரியப்பாவை உயத்திறன் எண்டு நினைச்சுத்தான் எழுதியிருப்பான், ஆனா அவன் இருக்கிற இடத்தில ரி.ஐ.டி.க்காரன், பயங்கரவாத விசாரணைப் பிரிவுப் பொலிஸ், வந்து கதவைத் தட்டுறேல்லை. அப்ப வன்னியில மேடை ஏறாத கூத்துக்காரன் ஆர்? மேடை ஏறின எல்லாரும் பொறுப்பாளரெண்டா எங்கட ஊரில விதானையாரில இருந்து மைக் செற்காரன் வரைக்கும் பொறுப்பாளர்தான். 1979 இல வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குள்ள எங்கட சனம் பட்டதை ரீச்சருக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. நாளைக்குப் பெரியப்பா மகளிட்டப் போக கனடாவுக்கு விசாப் போட்டா, அங்க மேசையில இருக்கிறவன் முதல் செய்யிற வேலை பேரை கூகிளில அடிக்கிறதுதான். சும்மா சொல்லேல்லை, தானர் அக்சாம் எண்டு ஒரு துருக்கி வரலாற்றுப் பேராசிரியர், ஆர்மேனியப் படுகொலையைப் பற்றி எழுதினவர், 2007 இல பேச்சொண்டுக்கு மொன்றியலில போய் இறங்கினவரை விமான நிலையத்திலயே மணித்தியாலக்கணக்கில மறிச்சு வைச்சிருந்தவங்கள், ஏனெண்டு பாத்தா அவரைப் பிடிக்காத ஆரோ விக்கிப்பீடியாவில அவற்ற பக்கத்தில பயங்கரவாதி எண்டு எழுதிவிட்டிருக்கிறாங்கள், குடிவரவு அதிகாரி அதைப் பிரின்ற் எடுத்துக் கையில வைச்சிருக்கிறார். பேராசிரியர், அமெரிக்காவில வேலை, பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் போன மனுசன். அவருக்கே அந்தக் கெதி எண்டா வேட்டியோட போற எங்கட அண்ணாவியாருக்கு?

உதுக்கு அங்க சட்டம் இல்லையெண்டு நினைக்காதேங்கோ. 2005 மே மாதம் ஜோன் செய்கன்தாலர் எண்டு வயசுபோன அமெரிக்கப் பத்திரிகைக்காரர் ஒருத்தர்ர பக்கத்தில, கென்னடி சகோதரங்களின்ர கொலையில இவருக்கும் பங்கிருக்குதெண்டு சந்தேகப்பட்டவையாம் எண்டு ஒருத்தன் பகிடிக்கு எழுதிவிட்டான். அந்த மனுசன் ரொபேட் கென்னடியோட வேலை செய்தவர், அவற்ற பெட்டியைத் தோளில தூக்கினவர். நாலு மாதத்துக்கு மேல அந்த வரி கிடந்தது, வேற தளங்களும் அப்பிடியே கொப்பி பண்ணிப் போட்டுதுகள். அவர் பேப்பரில எழுதி நாறடிச்சாப் பிறகுதான் ஆங்கில விக்கிப்பீடியாவில உயிரோட இருக்கிறாக்களைப் பற்றி எழுதிறதுக்கெண்டு தனி விதி வந்தது. 2009 ஏப்ரலில விக்கிமீடியா அறக்கட்டளையும், எந்த மொழியெண்டாலும் ஆளின்ர மரியாதையையும் அந்தரங்கத்தையும் பாத்து எழுதுங்கோ எண்டு தீர்மானம் போட்டது. விதியின்ர சாரம் இதுதான் பிள்ளை: உயிரோட இருக்கிற ஆளைப் பற்றி ஆதாரமில்லாமல், பிரச்சினை வரக்கூடிய ஒரு வரி கிடந்தா அதை உடன எடு, கதை பேச்சுப் பிறகு. "ஆதாரம் தேவை" எண்டு மேல ஒரு துண்டை ஒட்டிப்போட்டு வருசக்கணக்கில விடுறது மற்றப் பக்கங்களுக்குச் சரி, குளத்தைப் பற்றிப் பிழையா எழுதினா குளம் ஒண்டும் செய்யாது. நல்லதா எழுதினாலும் கூடாததா எழுதினாலும் அதே விதிதான், உதைத்தான் எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தேலாமக் கிடக்கு.

நாட்டுப்பற்றாளரைப் பாருங்கோ. அது இயக்கம் ஆருக்குக் குடுத்த பட்டம்? செத்த பொதுசனத்துக்கு. உயிரோட வற்றாப்பளைக்கு நடக்கிற மனுசனுக்கு முன்னால அதைக் கொண்டு வந்து வைச்சிருக்கிறாங்கள், அவருக்குப் பெருமையும் செய்து, ஆளையும் சாக்காட்டி, வழக்குக்கும் வழி பண்ணியாச்சு, மூண்டும் ஒரே சொல்லில. எங்கட தமிழில ஆளைப் பற்றி எழுதத் தொடங்கினா மணிவிழா மலர்தான் வருது. மண் ஈன்ற மைந்தர், தன்னிகரில்லாக் கலைஞர், எண்டு நாலு பந்தி வாசிச்சு முடிச்சாலும் மனுசன் எந்தக் கூத்தில எந்த வேசம் கட்டினவர், ஆரிட்டப் பழகினவர், எத்தினை பேரைப் பழக்கினவர் எண்டு ஒரு இழவும் தெரியாது. பட்டம் எல்லாத்தையும் தட்டிவிட்டாப் பிறகு மிஞ்சிறதுதான் வரலாறு, அது ரெண்டு வரியெண்டா ரெண்டு வரி.

ஒரு கண்டிப்பு உங்களுக்கும். எங்கட ஆளைப் பற்றி எங்களுக்குத் தெரியாததோ எண்டு கேட்டிருக்கிறியள். தெரியும், ஆனா வாசிக்கிறவனுக்கு அது எப்பிடித் தெரியிறது? நாளைக்கு எங்கட அமைச்சர்மாரின்ர சொந்தக்காரரும் உதே வசனத்தோட வருவினம், அப்ப என்ன செய்யிறது? பெரியப்பா ஆரோ மற்ற அண்ணாவியாரோட சண்டை பிடிச்சது பேப்பரில ஒழுங்கா வந்திருந்தா அதை நீங்கள் அழிக்கேலாது, சொந்தக்காரர் வெள்ளையடிக்கிறதும் பொய்தான். பிலிப் ரோத் எவ்வளவு பெரிய எழுத்தாளர், தன்ர நாவலொண்டு எந்த ஆளை வைச்சு எழுதினதெண்டு விக்கிப்பீடியாவில பிழையாக் கிடக்கு, மாத்துங்கோ எண்டு கேக்க, நீங்கள் சொன்னாக் காணாது, வெளி ஆதாரம் வேணுமெண்டு சொல்லிப்போட்டாங்கள். மனுசன் விசர் பிடிச்சு 2012 இல நியூயோக்கரில நீளக் கடிதமொண்டு எழுதினார், பிறகு அதுவே ஆதாரமாப் போச்சு. நியூயோக்கருக்கு நாங்கள் எங்க போக, ஆனா உள்ளூர் சஞ்சிகை ஒண்டுக்குப் பெரியப்பாவின்ர நேர்காணல் குடுக்கலாம், பிரதேசசபை மலரில ஒழுங்கா ஒரு கட்டுரை எழுதலாம், அதை நூலகம் எண்ட இணைய நூலகத்தில ஏத்தச் சொல்லலாம். ஈழநாதம் பேப்பரில, வெளிச்சம் சஞ்சிகையில வந்ததெல்லாம் எத்தினை வீட்டில பங்கரோட மண்ணாப் போச்சு. இனி ஆதாரம் இல்லை இல்லை எண்டு அழுதுகொண்டிருக்காமல் உண்டாக்கிற வழியைப் பாருங்கோ.

இப்ப உங்கட அண்ணாவைப் பற்றின அந்த வரி.

எங்கட பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்டு ஆண்டு நிறைவு மலர் போட்டது. பழைய மாணவர் பகுதியில, ஓட்டத்தில பேர் எடுத்த ஒரு பொடியன்ர படம், கீழ பிறந்த வருசம், கோடு, 2009. தொகுத்த ஆள் கெட்ட எண்ணத்தில செய்யேல்லை, வெறுமையா விட வடிவில்லை எண்டு நினைச்சிருப்பார். அந்தப் பொடியன்ர தாய் எங்கட ஒழுங்கையில இருக்கிறவ, 2017 பெப்ரவரி 20 இல கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில காணாமல் போனவையின்ர தாய்மார் போராட்டம் தொடங்கின நாளில இருந்து அந்தக் கொட்டிலில இருந்தவ. அண்ணை ஒருக்கா என்னோட வாங்கோ எண்டு கேக்க நானும் போனன். அதிபர் கதிரை எல்லாம் குடுத்து, கவலை தெரிவிச்சு, அடுத்த பதிப்பில திருத்துறம் எண்டார். பள்ளிக்கூட மலருக்கு ரெண்டாம் பதிப்பு ஆர் போடுறது? அவ ஒண்டும் கதைக்கேல்லை. விக்காத மலரெல்லாம் எங்க கிடக்கெண்டு மட்டும் கேட்டா. லைப்ரரிக்குள்ள சணல் கயித்தால கட்டிக் கிடந்தது, அவ நிலத்தில இருந்து கட்டை அவிட்டு, ஒவ்வொண்டா அந்தப் பக்கத்தை விரிச்சு, நீலப் பேனையால 2009 ஐ மட்டும் வெட்டினா. இலக்கம் தெரியாத அளவுக்கு, நாலைஞ்சு தரம். மை முடிய ஏ.எல். படிக்கிற பிள்ளையொண்டு தன்ர பேனையை நீட்டிச்சுது. நானும் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு இருந்திட்டன், கோட்டையும் சேத்து வெட்டட்டோ எண்டு கேட்டன். "கோடு கிடக்கட்டும் அண்ணை, அது எல்லாருக்கும் எண்டைக்கோ ஒருநாள் வாறதுதானே" எண்டா.

அரசாங்கம் 2010 இல சட்டம் கொண்டு வந்தது, காணாமல் போனவைக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாமெண்டு. கனபேர் எடுக்கேல்லை. 2016 இல அதைத் திருத்தி, செத்ததெண்டு சொல்லாமல் ஆளைக் காணேல்லை எண்டு மட்டும் சொல்லுற சான்றிதழும் வைச்சவை, அதே வருசம் காணாமல் போனோருக்கான அலுவலகச் சட்டமும் வந்தது. இவ்வளவு கந்தோரும், இவ்வளவு போமும், இழப்பீட்டுக் கதையும் வைச்சுக்கொண்டு அரசாங்கத்தால இந்தத் தாய்மாரிட்ட வாங்கேலாத ஒரு கையெழுத்தை, எங்கயோ இருந்து ஒரு பொடியன் கீபோட்டில நாலு இலக்கம் தட்டிப் போட்டிட்டான். உங்கட பெரியம்மா அதைப் பாத்தவவோ? பாக்காட்டிக் காட்டவேண்டாம்.

விக்கிப்பீடியாக்காரரிட்ட உதுக்கும் விதி இருக்கு, எனக்கு அவையில ஒரு மரியாதை வந்ததே அதாலதான். ஆங்கிலத்தில எழுதி வைச்சிருக்கிறாங்கள், பிறந்து 115 வருசம் ஆகாத எந்த ஆளையும், செத்ததுக்கு நம்பகமான ஆதாரம் இல்லாட்டி, உயிரோட இருக்கிற ஆளாத்தான் எடுக்கவேணும். 115 வருசம்! அவங்கள் எங்களை நினைச்சு எழுதேல்லை, வயசுபோன வெள்ளைக்காரரை நினைச்சு எழுதியிருப்பாங்கள். ஆனா அந்த விதிப்படி உங்கட அண்ணா உயிரோட இருக்கிற ஆள், அந்த ஓட்டக்காரப் பொடியனும் உயிரோட இருக்கிற ஆள், ஆர் இல்லையெண்டு சொல்லுறதெண்டாலும் ஆதாரத்தோட வரட்டும். ஆதாரம் ஆரிட்ட இருக்கெண்டுதானே அந்தத் தாய்மாரும் கேக்கினம். 2009 இல காணாமல் போனார் எண்டு எழுதினாச் சரிதானே எண்டு மகன் கேப்பான். அதுவும் வேண்டாம், உங்கட அண்ணா பொது ஆள் இல்லை, அவற்ற பேர் அந்தப் பக்கத்துக்குத் தேவையே இல்லை, பொது ஆள் இல்லாத சொந்தக்காரற்ற பேரை நம்பகமான ஆதாரம் இல்லாட்டி எடுக்கவேணும் எண்டும் அங்க சொல்லியிருக்கு.

உங்கட கடிதத்தை ரெண்டாந்தரம் வாசிக்கேக்கதான் கண்டன், அவ்வளவு நீளத்தில பெரியப்பா ஒரு வார்த்தை கதைக்கேல்லை. அவற்ற பேஜ், அவற்ற பேர், நீங்களும் மகனும் வெளிநாட்டுப் பொடியனும் மாறி மாறி இழுபடுறியள், அவரை இருத்தி வாசிச்சுக் காட்டினனீங்களோ? எது கிடக்கவேணும், எது வேண்டாமெண்டு அவர் சொல்லட்டும். படமும் அவரைக் கேட்டுத்தான் போடவேணும்.

ஆனா அண்ணாவைப் பற்றின வரிக்கு அதுவரைக்கும் பொறுக்கவேண்டாம். இண்டைக்கே மகனிட்ட அதையும் பொறுப்பாளரையும் பட்டத்தையும் மட்டும் எடுக்கச் சொல்லுங்கோ, கட்டுரையில வேற ஒண்டையும் தொடாமல், சுருக்கத்தில "உயிரோடு இருப்பவர் பற்றிய ஆதாரமற்ற தகவல் நீக்கம்" எண்டு வடிவா எழுதச் சொல்லுங்கோ, பேச்சுப் பக்கத்தில தான் சொந்தக்காரன் எண்டதையும் ஒளிக்காமல் சொல்லட்டும். திரும்பவும் கொண்டு வந்து போட்டாங்களெண்டா அழிச்சழிச்சு விளையாடாமல் நிர்வாகியளுக்கு எழுதுங்கோ, எனக்கும் லிங்கை அனுப்பிவிடுங்கோ.