ட்ரெடில் வாங்கலாமா?

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நான் ஹற்றன்காரி. கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. வெள்ளவத்தையில், லிஃப்ட் இல்லாத தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் கணவரோடும் நாலு வயது மகளோடும் இருக்கிறேன்.

எனக்கொரு பழக்கம். பிள்ளை தூங்கிய பிறகு, கையால் புத்தகம் கட்டுகிறவர்கள், ஈய எழுத்தில் அச்சடிக்கிறவர்கள், வீட்டிலேயே கடதாசி செய்கிறவர்கள், லினோவில் செதுக்கிப் படம் எடுக்கிறவர்கள் என்று வீடியோ வீடியோவாகப் பார்ப்பேன். படுத்த பிறகும் அதே நினைப்புத்தான். எனக்கென்று ஒரு சின்ன அச்சுக்கூடம், சுவர் நிறைய எழுத்துப் பெட்டிகள், மை வாசம். ஊசி, நூல், எலும்பில் செய்த மடிப்புக் கருவி, வெளிநாட்டுத் தாள் எல்லாம் வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு புத்தகம்கூடச் செய்யவில்லை.

இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய அச்சகத்தை மூடுகிறார்கள். காலால் மிதித்து ஓட்டுகிற ட்ரெடில் அச்சு இயந்திரத்தையும் தமிழ் ஈய எழுத்துகளையும் விற்கப் போகிறார்களாம், எழுத்து கிலோக் கணக்கில். கணவர் "எங்கே வைக்கப் போகிறாய்?" என்கிறார். ஹற்றனில் இருந்து வந்திருக்கும் அம்மாவோ, "நான் கொழுந்து எடுக்கையில் பாடின பாட்டையெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாயே, அது போதாதா? அதுக்கு ஏன் மெஷின்?" என்று சிரிக்கிறார்.

வாங்கலாமா அண்ணா? இப்படிக் கனவு கண்டுகொண்டே இருப்பது சோம்பேறித்தனமா?

சி., வெள்ளவத்தை


அன்புள்ள சி.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சோம்பேறித்தனம் இல்லை. பகல் முழுக்க மற்றவர்களின் கணக்கைப் பார்க்கிற ஒருவர் இரவில் ஒரு மணித்தியாலம் மனதுக்குள் அச்சுக்கூடம் நடத்தினால் யாருக்கு என்ன நட்டம்? கனவுக்கு இன்னும் வற் வரி போடவில்லை. தாராளமாகக் காணுங்கள்.

ஆனால் கனவு காண்பதைப் பற்றிய குற்றவுணர்வு இருக்கிறதே, அது செலவு வைக்கும். "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்று மனம் குறுகுறுக்கும்போது கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்கினால், ஏதோ செய்துவிட்டது போல இரண்டு நாள் நிம்மதி. உங்கள் அலுமாரி அப்படித்தான் நிறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்த வரிசையில் அடுத்தது ஊசியோ நூலோ அல்ல, அரை டன் இரும்பு. அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கொழும்பு ஏழில் கிறீன் பாத்துக்கு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நடைபாதை ஓரம் ஓவியங்களைச் சாத்தி வைத்து விற்கும் அந்தத் தெருவில் நீங்களும் நடந்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குரியவர் 1877இல் கொழும்பில் பிறந்தவர். படிப்பால் புவியியலாளர், பாறை ஆராய்கிறவர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தார். அந்த வேலைக்காக ஊர் ஊராகப் போனபோது, பாறைகளோடு கண்டிய நாட்டுக் கைவினைஞர்களையும் பார்த்தார். பிறகு இங்கிலாந்தில், பிராட் கேம்ப்டன் என்ற கிராமத்தில், பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றை வீடாக்கிக்கொண்டு, அங்கே ஒரு கை அச்சு இயந்திரத்தை வைத்து, இடைக்காலச் சிங்களக் கலைகளைப் பற்றிய தன் பெரிய நூலை அச்சிட்டார். 1907 செப்டம்பரில் தொடங்கி 1908 டிசம்பரில் முடிந்தது. மொத்தம் 425 பிரதிகள். அந்த இயந்திரம் முன்பு வில்லியம் மோரிசிடம் இருந்தது. ஆங்கிலேயரின் கை அச்சுக் கனவுகளுக்கெல்லாம் மூல புருஷர் அவர்தான்.

இதைவிட வடிவான ஒரு கனவு ஈய எழுத்துப் பிரியர் எவருக்கும் கிடைக்காது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் கைவினைஞர்கள், பிறகு எழுத்துப்படி, கடைசியில்தான் இயந்திரம். கையால் செய்கிறவர்களைப் பற்றிய புத்தகம் கையாலேயே அச்சாக வேண்டும் என்று அந்தப் பொருளே கேட்டது.

இன்னொருவர் லெனர்ட் வூல்ஃப் என்ற ஆங்கிலேயர். 1904இல் இங்கே சிவில் சேவைக்கு வந்து, யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை என்று வேலை பார்த்துவிட்டு 1911இல் திரும்பிப் போனவர். அவரும் மனைவி, எழுத்தாளர் வர்ஜீனியாவும் அச்சுத்தொழில் படிக்க விரும்பியபோது, தொழிற்சங்கப் பயிலுநர்களுக்கு மட்டும்தான் இடம் என்று அச்சுப் பள்ளியில் சேர்க்கவில்லை. 1917இல் ஒரு சிறிய கை இயந்திரத்தை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கூட வந்த கையேட்டைப் பார்த்துத் தாங்களே பழகினார்கள். வர்ஜீனியா எழுத்துகளைப் பிரித்துப் போடும்போது ஆங்கில h எழுத்தையும் n எழுத்தையும் கலந்துவிட்டு அவதிப்பட்டார். முதல் வெளியீட்டில் இருந்தவை கணவன் கதை ஒன்று, மனைவி கதை ஒன்று. 150 பிரதிகள்.

நம் பக்கத்தில் ஆறுமுக நாவலர் இருக்கிறார். 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் வைத்தார். மாணவர்களுக்குப் பாடப் புத்தகம் வேண்டியிருந்தது, வாங்கினார். அவரைப் பற்றி இதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் தாள் இருக்கிறது, நூல் இருக்கிறது, மை வாசம்கூட இருக்கிறது. என்ன அச்சடிக்கப் போகிறீர்கள் என்பதுதான் இல்லை. அது இருக்கிற ஒரே இடம் உங்கள் அம்மாவின் பேச்சு. நீங்கள் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கொழுந்து நிரையில் பாடிய பாட்டுகள், பாடியவரே பக்கத்தில், மகளின் கையெழுத்தில் ஒரு கொப்பி! சி., உங்கள் அச்சுக்கூடத்துக்கு வேண்டிய முதல் எழுத்துப்படி கையில் இருக்கிறது. அம்மா "போதாதா" என்று கேட்டதில் எனக்கு உடன்பாடில்லை. போதாது. ஆனால் "ஏன் மெஷின்" என்று கேட்டாரே, அது சரி.

ட்ரெடில் வேண்டாம். சிறிய அளவு இயந்திரமே அரை டன் பக்கம் வரும். மூன்று மாடி ஏற்ற வேண்டுமானால் கழற்றித்தான் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு கீழ் வீட்டுக்காரர் உங்களோடு கதைக்க மாட்டார். கால் மிதித்துக்கொண்டே ஒரு கையால் தாளை வைத்து மறு கையால் எடுக்க வேண்டும், இயந்திரத்தின் வாய் திறந்து மூடுகிற இடைவெளிக்குள். தினமும் அதில் நின்ற தொழிலாளர்களே விரலை நசுக்கிக்கொண்டிருக்கிறார்கள். நாலு வயதுப் பிள்ளை ஓடித் திரிகிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

எழுத்து வாங்கலாம். ஒரே அளவு, ஒரே கேஸ், அதாவது எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கிற ஒரு பெட்டி. அதிலும் பார்த்து வாங்க வேண்டும். ஆங்கிலத்துக்குப் பெரிதும் சிறிதுமாக 52 எழுத்து இருந்தால் சொல் கோர்த்துவிடலாம். தமிழுக்கு உயிர் 12, அகர வரிசை 18, புள்ளி வைத்தவை 18, கு கூ வரிசைகள் 36, பிறகு கி கீ வரிசைகள், கால், கொம்பு, ஜ, ஸ என்று போய்க்கொண்டே இருக்கும். பழைய கேஸ் என்றால் துதிக்கை வைத்த லை, னை, சுழித்த ணா, றா எல்லாம் தனித்தனி அறைகளில் கிடக்கும். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் கழித்துவிட்ட உருவங்கள் அவை. அம்மாவின் பாட்டுகளுக்கு அவை பொருத்தமாகவே இருக்கும்.

நிறையக் கிடக்கும் ஙு, ஞூ அறைகளைக் காட்டி உங்களை மயக்கப் பார்ப்பார்கள். நீங்கள் ம், க், த், ன், து அறைகளைப் பாருங்கள். முதலில் தீர்ந்துபோவதும் தேய்வதும் அவைதான். பாட்டு என்றால் ஏகாரக் கொம்பும் காலும் மளமளவென்று தீரும். புள்ளி வைத்த எழுத்துகளில் கொஞ்சத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புள்ளி உடைந்திருந்தால் நீங்கள் க் என்று கோர்த்தது தாளில் க என்று விழும். எழுத்தின் மேல் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அந்தக் கேஸைத் தொடாமல் வந்துவிடுங்கள். அது ஈயம் பூத்த தூள், ஊதவும் கூடாது. நல்ல எழுத்தென்றாலும் மகள் கைக்கு எட்டக் கூடாது. கோர்த்து முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. குழந்தைகளுக்கு ஈயம் மிகவும் கெட்டது. இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

எவ்வளவு எழுத்து வேண்டும்? நாலு வரிப் பாட்டுக்கு எண்பது எழுத்து என்று வைத்தாலும் எட்டுப் பாட்டுக்கு அறுநூற்றைம்பதுக்குள் முடிந்துவிடும். அதையும் ஒரே நேரத்தில் கோர்க்கத் தேவையில்லை. இரண்டு பாட்டைக் கோர்த்து, வேண்டிய பிரதிகளை எடுத்து, எழுத்தைப் பிரித்து அதனதன் அறையில் போட்டுவிட்டு அடுத்த இரண்டு.

இயந்திரம் இல்லாமல் எப்படி எடுப்பது என்பீர்கள். சின்ன அச்சகங்களில் புரூஃப் எடுத்த விதம் ஒன்று இருக்கிறது. கோர்த்த எழுத்தை நூலால் இறுக்கிக் கட்டி, இரும்புத் தட்டில் வைத்து, றோலரால் மை தடவி, லேசாக ஈரமாக்கிய தாளை மேலே விரித்து, அடர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுப்பார்கள். பிழை பார்க்கத்தான் அப்படி எடுத்தார்கள் என்றாலும், நிதானமாகத் தட்டினால் இருபது பிரதி நன்றாகவே வரும். ஓரம் கொஞ்சம் மங்கும். மங்கட்டும்.

தாளுக்கு வருகிறேன். புகைப்படப் பிரதி எடுக்கிற ஏ4 தாளை வாங்கி இரண்டாக மடித்தால் மடிப்பு விறைத்துக்கொண்டு, புத்தகம் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். தாளில் நார் ஒரு திசையில் ஓடுகிறது. ஏ4இல் பெரும்பாலும் அது நீளவாக்கில் ஓடும், மடிப்போ குறுக்கே விழுகிறது. புறக்கோட்டையில் மலிபன் வீதிக்குப் போய்ப் பெரிய தாளாக, டிமை என்கிற அச்சுத் தாள் அளவில் வாங்கி, இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்தப் பக்கம் மடிப்பு வருமாறு அடிமட்டம் வைத்து வெட்டுங்கள். 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்ட நாடு இது. துண்டு விழுவதையும் எறியாதீர்கள், புரூஃப் எடுக்க உதவும். அலுமாரியில் உள்ள வெளிநாட்டுத் தாளைத் தொட இப்போது கை வராது, விடுங்கள். கேகாலைப் பக்கம் யானை லத்தியில் செய்கிற கடதாசி அட்டைக்கு நன்றாக இருக்கும். உள்ளே சின்ன எழுத்துக்குச் சரிவராது, சொரசொரப்பு.

கட்டுவது சுலபம். மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து மடிப்பில் மூன்று துளை. மெழுகுதிரியில் ஒரு தரம் இழுத்த நூலை உள்ளிருந்து நடுத் துளையால் வெளியே எடுத்து, மேல் துளையால் உள்ளே விட்டு, நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையால் வெளியே கொண்டுவந்து, மறுபடி நடுத் துளையால் உள்ளே விட்டால் இரண்டு முனையும் நடுவில் சந்திக்கும். நீளமாக ஓடுகிற தையலை இடையில் வைத்து முடிச்சுப் போடுங்கள். முதலாவது கோணலாக வரும், அதை அம்மாவிடம் கொடுத்துவிடலாம்.

மட்டை அட்டை போட ஆசை என்றால் கோதுமை மாப் பசை போதும். பழைய பைண்டர்கள் பூச்சி வராமல் இருக்க அதில் துருசு கலப்பார்கள். அது நஞ்சு, உங்கள் வீட்டுக்கு வேண்டாம். கொழும்புக் காற்றில் மட்டை வளையும், பூஞ்சணமும் பிடிக்கும். வெளியே துணி ஒட்டினால் உள்ளேயும் தாள் ஒட்டிவிடுங்கள், இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும். நன்றாகக் காயும்வரை பாரம் வைத்திருங்கள்.

வீட்டில் கடதாசி செய்வதும் லினோ செதுக்குவதும் கனவிலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டால் இரவில் எதைப் பார்ப்பீர்கள்?

இந்த ஊரில் யாராவது கையால் ஏதாவது செய்துவிட்டால் போதும், அடுத்த நிமிடம் "வடிவா இருக்கே, விற்கலாமே, ஒரு பேஜ் தொடங்குங்களேன்" என்று வந்துவிடுவார்கள். எனக்கு இது பெரிய எரிச்சல். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனாலும் எரிச்சல். விலை போட்டால் உடனே செலவுக் கணக்கு வரும், அந்தக் கணக்கில் உங்களைவிட யாரும் கெட்டிக்காரர் இல்லை. இருபது பிரதியை யார் யாருக்குக் கொடுப்பது என்று இப்போதே எழுதிவைத்துவிடுங்கள். ஹற்றனில் அம்மாவோடு அதே நிரையில் நின்றவர்கள் இருந்தால் அவர்களுக்கு முதலில். ஒன்றை வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கொடுங்கள்.

இன்னொன்று. கொட்டாஞ்சேனைக்குப் போகும்போது, அங்கே எழுத்துக் கோர்த்தவர் யாராவது இன்னும் வருகிறாரா என்று விசாரியுங்கள். நீங்கள் கனவு காண்கிற வேலையைத் தலைகீழ் எழுத்தை வாசித்தபடி, நின்ற நிலையில், மாதச் சம்பளத்துக்குச் செய்தவர் அவர். அவருக்கு அதில் உங்களுக்கு இருக்கிற மயக்கம் இருக்காது. இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். எழுத்தைத் தூக்குவதற்கு முன் அவரிடம் சில ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களைக் காசு கொடுத்துக் கேளுங்கள். கேஸில் எந்த அறையில் எது கிடக்கும், எழுத்தை வரியாக அடுக்குகிற ஸ்டிக்கை எப்படிப் பிடிப்பது, வரி ஆடாமல் எப்படி இறுக்குவது என்று அவர் கையைப் பார்த்தால் புரிகிற அளவுக்கு எந்த வீடியோவிலும் புரியாது. அவர் கேட்கிற தொகைக்குப் பேரம் பேசாதீர்கள். முதலாளியிடம் எழுத்துக்கு எவ்வளவும் பேசலாம். கிலோ விலை சொல்கிறவர் அதைப் பழைய ஈயமாகத்தான் விற்கிறார்.

அன்புடன்.