தாத்தா ரேடியோவை உடனே பிளக்கில் சொருகாதீர்கள்

(பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்)

அல்சூர்: பரணிலிருந்து தாத்தாவின் மர்பி வால்வு ரேடியோவை இறக்கினோம். 30 வருஷமாக ஓடவில்லை. போட்டுப் பார்க்கலாமா சார்?

வேண்டாம். உள்ளே 250 வோல்ட் டிசி அளவுக்கு ஓடும். அதைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சர் நெடுநாள் மின்சாரம் காணாமல் கிடந்தால் கெட்டு ஷார்ட் ஆகியிருக்கலாம். நேரே 230 வோல்ட் கொடுத்தால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வு போகும், கூடவே மெயின் டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம். முதலில் பின்மூடியைக் கழற்றி எலி கடித்த ஒயர் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் (மின்சாரம் பல்பு வழியாகத்தான் ரேடியோவுக்குப் போகும்படி) போட்டு மின்சாரம் கொடுங்கள் (எல்இடி பல்பு இதற்கு உதவாது). பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்ல சகுனம். முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே பிடுங்கிவிடுங்கள். எங்கோ ஷார்ட்.

மல்லேஸ்வரம்: பாட்டு வருகிறது, ஆனால் கூடவே வண்டு முரலுவது போல 'ம்ம்ம்'. எல்லா வால்வையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் முரல் அப்படியே இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் ஃபில்டர் கண்டன்சர்தான், வால்வு இல்லை. எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 47 மைக்ரோஃபேரட், 450 வோல்ட் கேளுங்கள். பெரிதாக இருந்தால் நல்லது என்று 220 மைக்ரோஃபேரட் போடாதீர்கள். ஈஇசட்80 மாதிரி ரெக்டிஃபையர் வால்வு 50 மைக்ரோஃபேரடுக்கு மேல் தாங்காது. பழைய அலுமினியக் குப்பியை அழகுக்கு அங்கேயே விட்டு, இணைப்பை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதைச் சேஸிஸுக்கு (பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டு) அடியில் வையுங்கள்.

ஜெயநகர்: கால் மணி நேரம் நன்றாகப் பாடுகிறது. அப்புறம் குரல் கரகரக்கிறது, ஒரு வால்வு சிவந்துபோகிறது.

நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84 வால்வு போய்விட்டது என்று புதிது போட்டேன். அதுவும் ஒரே மாதத்தில் சிவந்தது. குற்றவாளி அதற்கு முன்னால் இருக்கும் 0.01 மைக்ரோஃபேரட் கப்ளிங் கண்டன்சர் (டிசியைத் தடுத்து, பாட்டை மட்டும் அடுத்த வால்வுக்கு அனுப்புவது). பழைய பேப்பர் கண்டன்சர் ஈரம் குடித்து டிசியைக் கசியவிடும். வால்வின் கிரிட்டில் (பாட்டு உள்ளே நுழையும் முனை) மீட்டரை வைத்துப் பாருங்கள், சுழியம் காட்ட வேண்டும். சில வோல்ட் பாசிட்டிவ் காட்டினால் வால்வு அளவு மீறிய மின்னோட்டம் இழுக்கிறது என்று அர்த்தம், அடுத்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் புகையும். 630 வோல்ட் ஃபிலிம் கண்டன்சர் ஒரு டீ விலைதான். என் கைக்கு வரும் செட்டில் இதைச் சோதிக்காமலேயே மாற்றிவிடுவேன்.

சிவாஜிநகர்: நாப் கழன்ற தண்டைத் தொட்டேன், ஷாக்!

யுசிஎச்81, யுபிஎஃப்89, யுசிஎல்82, யுஒய்85 என்று வால்வுகள் இருந்தால் அது ஏசி-டிசி செட். மெயின் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சேஸிஸ் நேரே மெயின் லைனோடு சேர்ந்திருக்கும். ரேடியோவை மெயின் லைனிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். இந்த வகையில் வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர்கள் எல்லாம் வரிசையாக 100 மில்லியாம்பியரில் ஓடும். ஒன்று அறுந்தால் தீபாவளி சீரியல் பல்பு போல மொத்தமும் இருட்டு.

பசவனகுடி: எஃப்எம் வருமா?

வராது. உள்ளே எஃப்எம் போர்டை ஒளித்து விற்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது.

வைட்ஃபீல்ட்: எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் 612 கிலோஹெர்ட்ஸில் பெங்களூரு நிலையம் ஒரே 'கொர்ர்'.

உங்கள் ரேடியோ குணமாகிவிட்டது, வீடுதான் இரைகிறது. எல்இடி விளக்கு, போன் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பிறகு பால்கனிக்கு வெளியே ஏரியலாகப் பத்தடி ஒயர் விடுங்கள். டயல் கண்ணாடியின் உள்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள், எழுத்தெல்லாம் துணியோடு வந்துவிடும்.