கணினி கேள்வி-பதில்: 2,500 ரூபாய் கூலரை நம்பி ஓவர்க்ளாக் செய்யலாமா?

என்னிடம் ரைசன் 5 5600 பிராசஸரும் பி450 மதர்போர்டும் இருக்கின்றன. பெட்டியோடு வந்த கூலர்தான் இன்னும் ஓடுகிறது. கேம் ஆடினால் 80 டிகிரியைத் தாண்டுகிறது, சினிபெஞ்ச் (பிராசஸரை முழுதாக வேலை வாங்கிப் பார்க்கும் சோதனை மென்பொருள்) ஓட்டினால் 88. 2,500 ரூபாய்க்குள் ஒரு ஏர் கூலர் வாங்கி 4.6 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற ஆசை. லிக்விட் கூலர் இல்லாமல் ஓவர்க்ளாக் (கம்பெனி வைத்த வேகத்தைவிட அதிகமாக ஓட்டுவது) பக்கமே போகாதே என்கிறான் நண்பன். அவன் சொல்வது சரியா?
மதுரை வாசகர்

சரியில்லை. ஆனால் நீங்கள் செய்ய நினைக்கும் முறையும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

முதலில் நண்பருக்குப் பதில். 5600 பிராசஸர், அதைத் தயாரிக்கும் ஏஎம்டி கம்பெனி வைத்திருக்கும் வரம்புப்படி அதிகபட்சம் 76 வாட்தான் இழுக்கும். நான்கு ஹீட் பைப்பும் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள டவர் கூலர், டீப்கூல் ஏகே400 மாதிரி, இதைப்போல இரண்டு மடங்கு சூட்டைக்கூட சமாளித்துவிடும். இப்போது உங்களிடம் இருக்கும் ரெய்த் ஸ்டெல்த்தில் ஹீட் பைப்பே கிடையாது, அது ஒரு அலுமினியக் கட்டி, மேலே ஒரு சின்ன ஃபேன், அவ்வளவுதான். டவர் கூலரின் ஹீட் பைப் என்ற செம்புக் குழாய்க்குள் காற்றை வெளியேற்றிவிட்டுக் கொஞ்சம் திரவம் (பெரும்பாலும் தண்ணீர்தான்) வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் பிராசஸர் சூட்டுக்கே அது ஆவியாகி மேலே தகடுகள் இருக்கும் பக்கம் ஓடும், அங்கே குளிர்ந்து மறுபடி திரவமாகி, குழாயின் உள்சுவரில் இருக்கும் திரி போன்ற அமைப்பு வழியாகக் கீழே வந்துவிடும். ஆக, மோட்டார் இல்லாமலே உள்ளே ஒரு சுழற்சி நடக்கிறது. லிக்விட் கூலரில் பம்ப் இருக்கிறது, அது ஒருநாள் நிற்கும். 76 வாட்டுக்கு அந்தச் செலவு தேவையே இல்லை.

அடுத்து உங்கள் 4.6. இந்த பிராசஸர் எதையும் தொடாமலே 4.4 வரை தானாகப் போகிறது. எல்லா கோரையும் (பிராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதிகள்) 4.6-இல் பூட்டி வைக்க வோல்டேஜை ஏற்ற வேண்டும். 1.25-இல் இருந்து 1.35 என்று வைத்துக்கொள்வோம். மின்செலவு வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும், அதனால் கணக்குப் போட்டால் வேகம் நாலரை சதவீதம் கூடுகிறது, சூடு கிட்டத்தட்ட 22 சதவீதம் கூடுகிறது. கேமில் அந்த நாலரை சதவீதத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டால் உங்களுக்கு நான் டீ வாங்கித் தருகிறேன்.

புதுக் கூலரை மாட்டிய பிறகு வோல்டேஜை ஏற்றாமல் இறக்கப் பாருங்கள். மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் இருந்து புது பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) போட்டுக்கொண்டு, உள்ளே பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் பகுதியில் கர்வ் ஆப்டிமைசர் என்று வோல்டேஜை மாற்றும் அமைப்பு ஒன்று இருக்கும், அதில் எல்லா கோருக்கும் நெகட்டிவ் 15 கொடுங்கள். ஒரு எண்ணுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். வோல்டேஜ் குறைந்தால் சூடு குறைகிறது, மின்செலவில் மிச்சம் விழுகிறது, அந்த மிச்சத்தை வைத்து பிராசஸர் தானே இன்னும் மேலே ஏறி அதிக நேரம் அங்கேயே நிற்கிறது. அப்புறமும் ஆசை விடவில்லை என்றால் அதே பகுதியில் உச்ச வேகத்தை 200 மெகாஹெர்ட்ஸ் வரை கூட்ட இடம் இருக்கிறது. 4.6 என்ற எண்ணை அங்கே நீங்கள் பார்த்துவிடலாம், பூட்டி வைக்காமலே. ஓவர்டிரைவைத் தொட்டதால் வரும் சேதம் வாரண்டிக்குள் வராது என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நெகட்டிவ் 30 வரை போகலாம் என்று வீடியோ போடுகிறவர்கள் சினிபெஞ்சை ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டு முடித்துவிடுவார்கள். இந்த அமைப்பில் கோளாறு பெரும்பாலும் முழு பாரத்தில் வராது. சும்மா பிரவுசர் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். அப்படி ஆனால் 15-ஐ 10 ஆக்குங்கள். ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்ளர் இலவசமாகக் கிடைக்கிறது, ராத்திரி அதை ஓடவிட்டுத் தூங்குங்கள்.

கடைக்குப் போகும் முன் கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து மதர்போர்டில் இருந்து கதவு வரை அளந்துவிடுங்கள். ஏகே400 உயரம் 155 மில்லிமீட்டர். ஒல்லிக் கேபினெட்டில் கதவு மூடாது. முதல் ரேம் ஸ்லாட்டில் உயரமான தகடு வைத்த ரேம் இருந்தால் ஃபேனைக் கொஞ்சம் மேலே தூக்கி மாட்ட வேண்டிவரும், அதற்கும் உயரம் வேண்டும்.

பழைய கூலரைக் கழற்றும்போது அவசரமே கூடாது. உங்களுடையது போன்ற ஏஎம்4 சாக்கெட் பிராசஸருக்கு அடியில் 1,331 பின்கள். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருக்கும் நிலையில் நேராக மேலே இழுத்தால், சாக்கெட்டின் லீவர் பூட்டியிருந்தாலும் பிராசஸர் கூலரோடு பிய்த்துக்கொண்டு வரும், நாலு பின் மடங்கும், அப்புறம் தையல் ஊசியை வைத்து நிமிர்த்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பத்து நிமிடம் ஏதாவது கனமாக ஓட்டி பேஸ்ட்டை இளக்கி, மின்சாரத்தை அணைத்து, நான்கு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றித் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாகத் திருகி அது நழுவுகிறது என்று கையில் தெரிந்த பிறகு தூக்குங்கள். ஸ்க்ரூ கழன்றதும் பின்பக்கத் தகடு விழுந்துவிடும், ஒரு கையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள், புதுக் கூலருக்கும் அதே தகடுதான் வேண்டும். புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்துவிட்டு "கூலர் டூப்ளிகேட்" என்று எழுதுகிறவர்கள் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

1990-களின் கடைசியில் செலரான் வைத்துக்கொண்டு நாங்கள் போட்ட ஆட்டம் உங்களுக்குத் தெரியுமா? இப்போது நாலு சதவீதத்துக்கா இவ்வளவு பாடு?
பாளையங்கோட்டை வாசகர்

தெரியும் சார். 1998-இல் வந்த இன்டெல்லின் மலிவு பிராசஸர் செலரான் 300ஏ. பஸ் வேகத்தை (பிராசஸரும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் வேகம்) 66-இல் இருந்து 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் 450-இல் ஓடும், அதுவும் சாதாரண கூலரிலேயே பல பேருக்கு. பிறகு 2007 வாக்கில் கியூ6600 என்ற நாலு கோர் பிராசஸரை 2.4-இல் இருந்து 3 கிகாஹெர்ட்ஸுக்குத் தூக்கினார்கள். 2011-இல் ஐ5-2500கே வந்தபோது கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 என்ற மலிவுக் கூலரை மாட்டி 4.5 என்பது கிட்டத்தட்ட ஊர் வழக்கமாகவே இருந்தது. மலிவு ஏர் கூலர் என்ற வகைக்கே பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த 212தான்.

அன்று கம்பெனி பாதுகாப்புக்காக நிறைய வேகத்தை விட்டுவைத்தது, நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். இன்று பிராசஸருக்குள்ளேயே சூடு, வோல்டேஜ், மின்னோட்டம் எல்லாவற்றையும் நொடிக்குப் பலமுறை பார்த்து அந்த மிச்சத்தைத் தானே எடுத்துக்கொள்கிற ஏற்பாடு இருக்கிறது. கூலர் நன்றாக இருந்தால் தானாக வேகம் ஏறுகிறது. நாம் கையால் செய்ததைக் கம்பெனியே செய்து விற்கிறது, விலையையும் அதற்கேற்ப வைக்கிறது. ஆட்டத்தின் சுவை போய்விட்டது என்பதில் உங்கள் கட்சிதான் நான்.

ஐ5-12400எஃப், பி660 போர்டு. நல்ல ஏர் கூலர் போட்டால் எவ்வளவு ஓவர்க்ளாக் கிடைக்கும்?
நாகர்கோவில் வாசகர்

கிடைக்காது. இன்டெல்லில் பெயரின் கடைசியில் கே இருக்கும் பிராசஸரும், இசட் வரிசை போர்டும் சேர்ந்து இருந்தால்தான் அந்தப் பேச்சு. 2022 தொடக்கத்தில் சில விலை உயர்ந்த பி660 போர்டுகளில் குறுக்கு வழி ஒன்று இருந்தது உண்மை, உங்களுடையது அந்த ரகமாக இருக்க வாய்ப்பு குறைவு. கூலரை மாற்றினால் சத்தம் குறையும். அதற்காக வாங்குங்கள், வேகத்துக்காக வேண்டாம். காசு இருந்தால் ரேமுக்குப் போடுங்கள்: ஒற்றை ரேம் குச்சியில் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது குச்சி தரும் வித்தியாசம் எந்த ஓவர்க்ளாக்கும் தராது.

ரைசன் 5 7600எக்ஸ் வாங்கி, ஆறு ஹீட் பைப், இரண்டு ஃபேன் உள்ள தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ மாட்டினேன். வீடியோ ரெண்டர் செய்தால் இப்போதும் 95 டிகிரி காட்டுகிறது. கூலர் பழுதா?
கோவை வாசகர்

பழுது இல்லை. அந்த வரிசை பிராசஸர்கள் 95 டிகிரி வரை போய் அங்கே நின்று வேலை செய்யும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன, அதைத் தொடும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். சின்ன சிலிக்கானுக்குள் 142 வாட் வரை இழுக்கிறது, மேலே தடிமனான மூடி வேறு, எந்தக் கூலராக இருந்தாலும் அந்த இடத்தில் திணறும். பயாஸில் ஈகோ மோடை (மின்செலவைக் குறைக்கும் அமைப்பு) 65 வாட்டில் வையுங்கள், பிராசஸர் உண்மையில் இழுக்கக்கூடிய சாக்கெட் வரம்பு 142-இல் இருந்து 88 வாட்டுக்கு இறங்கும், ரெண்டர் நேரத்தில் பெரிய நஷ்டம் இருக்காது, அறையில் சத்தமும் அடங்கும்.

மே மாதத்தில் மட்டும் எங்கள் வீட்டில் இருக்கும் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரை கேபினெட் பக்கம் திருப்பி வைக்கலாமா? சிரிக்காதீர்கள்.
திருச்சி வாசகர்

சிரிக்கவில்லை, கேள்வி நியாயமானது. அறைச் சூடு ஒரு டிகிரி குறைந்தால் பிராசஸர் சூடும் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். 36 டிகிரி அறையில் உட்கார்ந்துகொண்டு, ஏசி அறையில் எடுத்த ரிவ்யூ எண்களோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. திருச்சி மாதிரி வறண்ட வெயில் ஊரில் ஜன்னலைத் திறந்துவைத்து அந்தக் கூலரை ஓட்டினால் அறை கொஞ்சம் குளிரும், அது கணினிக்கும் நல்லதுதான். சென்னை, தூத்துக்குடிப் பக்கம் காற்றிலேயே ஈரம் அதிகம், அங்கே பலன் குறைவு.

ஆனால் கேபினெட்டுக்கு நேராக வைக்காதீர்கள். பிராசஸர் அறைக் காற்றைவிடச் சூடாகவே இருக்கும், அதனால் அதன்மேல் நீர் கோர்க்கும் என்ற பயம் வேண்டாம், கூலர் தெறிக்கும் துளிகள்தான் பிரச்சினை. போர்வெல் தண்ணீர் என்றால் காய்ந்த இடத்தில் வெள்ளை உப்பு படியும், தூசியும் ஈரமும் சேர்ந்து கூலர் தகடுகளுக்கு இடையில் களிமண்ணாகப் பிடித்துக்கொள்ளும். அறையின் மறுமூலையில் வையுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஹைப்பர் 212 ஒன்றை 700 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?
தாம்பரம் வாசகர்

செம்பும் அலுமினியமும் கெட்டுப்போவதில்லை, ஃபேன் போனாலும் 120 மில்லிமீட்டர் ஃபேன் எங்கேயும் கிடைக்கும். வாங்கலாம், இரண்டு விஷயம் பார்த்துவிட்டு. அடிப்பக்கத்தில் ஹீட் பைப்புகள் நேராக வெளியே தெரியும், அவற்றில் நசுங்கலோ வளைவோ இருக்கக்கூடாது, நகத்தால் தடவிப் பாருங்கள். அடுத்தது கூலரைப் போர்டோடு பிடித்து நிறுத்தும் கிளாம்ப். உங்கள் போர்டு எது என்று எழுதவில்லை. இன்டெல் 12-ஆம் தலைமுறையில் இருந்து போர்டில் கூலர் மாட்டும் துளைகளுக்கு இடையே 78 மில்லிமீட்டர், அதற்கு முந்தைய சாதாரண சாக்கெட்டுகளில் 75, பழைய கிளாம்ப் பொருந்தாது. ஏஎம்4-க்கும் தனிக் கிளாம்ப் வேண்டும், ஆரம்பகால 212-களோடு அது வரவில்லை. உங்கள் போர்டுக்கான கிளாம்பையும் ஸ்க்ரூக்களையும் எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். "அது தனியா கிடைக்கும் சார்" என்றால் 700 ரூபாயைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள்.