தொடக்கநிலை 1 போகும் பிள்ளைக்கு என்ன தயார் செய்வது?

ஜனவரியில் மகள் சிங்கப்பூர்ப் பள்ளியில் தொடக்கநிலை 1 (முதல் வகுப்பு) போகிறாள், டிசம்பர் விடுமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பேரண்ட்ஸ் கேட்வே செயலியைப் போனில் போட்டுவிடுங்கள். பள்ளி அறிவிப்புகளும் ஒப்புதல் படிவங்களும் அதில்தான் வரும். குடும்ப வருமானம் குறைவு, பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகள் என்றால் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். பாடநூலும் சீருடையும் இலவசமாகக் கிடைக்கும்.

பரீட்சைப் பயம் வேண்டாம். 2019 முதல் தொடக்கநிலை 1, 2-இல் மதிப்பெண் தேர்வே கிடையாது.

என்னைக் கேட்டால், டியூஷனைவிட கேண்டீன் பழக்கம் முக்கியம். இடைவேளைக்குள் வரிசையில் நின்று, வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி, சாப்பிட்டும் முடிக்க வேண்டுமே! இப்போதே உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் அவளையே வாங்க விடுங்கள். என் மகன் முதல் நாள் 2 வெள்ளியை (டாலரை) அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். வரிசை நகர்வதற்குள் மணி அடித்துவிட்டதாம்.