ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணுக்குத் திடீரென அடிவயிறு வலித்தால், எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் உங்கள் அக்காவுக்குச் சென்ற வாரம் திடீரென அடிவயிற்றில் கடும் வலி வந்தது என்றும், சாயங்கால ஜீப் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார் என்றும், வீடு வந்து சேர்வதற்குள் வலி விட்டுவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மறுபடியும் வந்தால் காத்திருக்கலாமா என்பது உங்கள் கேள்வி. இந்த எல்லைப் பகுதியில் செவிலியராக இருப்பதால், நான் பார்த்ததையும் பணியில் கற்றதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வலி எவ்வளவு கடுமை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் பக்கத்துப் பெண்கள் கூலி போய்விடும் என்பதற்காகவும், ஜீப்பில் வரும் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்பதற்காகவும் எதையும் தாங்கிக்கொள்வார்கள். "சூட்டு வலி", "வாய்வு" என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி காய் எடுக்கப் போய்விடுவார்கள். ஆகவே வலியோடு கூட வேறு என்ன வருகிறது என்பதைப் பாருங்கள். தலைசுற்றல், மயக்கம், குளிர்ந்த வியர்வை, முகம் வெளுத்துப்போதல், தோள்பட்டை வலி, நிற்காத வாந்தி, காய்ச்சல், வயிறு பலகைபோல் இறுகுதல், மிகுதியான இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் சாயங்கால ஜீப்புக்குக் காத்திருக்கக் கூடாது. இவை எதுவும் இல்லாவிட்டாலும், கருவுற்றிருக்க வாய்ப்புள்ள பெண்ணுக்குப் புதிதாக வரும் அடிவயிற்று வலியை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நான் அதிகம் அஞ்சுவது கரு கருப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் தங்கிவிடும் நிலையைத்தான். கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்கிட்டால், பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களுக்குள் அறிகுறிகள் தெரியத் தொடங்கும். இலேசாக இரத்தம் படுவதால் பலர் அதை மாதவிலக்கு என்றே எண்ணிவிடுகிறார்கள். குழாய் வெடித்தால் இரத்தம் வெளியே வருவதைவிட வயிற்றுக்குள் தேங்குவதே அதிகம் என்பதால், நாப்கினில் சிறிதளவே இருப்பதைப் பார்த்து ஆறுதல் கொள்ள முடியாது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் செய்துகொண்டவருக்கும், காப்பர்-டி போட்டிருப்பவருக்கும் கருத்தரிப்பது அரிது. ஆனால் அப்படித் தரித்தால் அது குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். "அவளுக்குத்தான் ஆபரேசன் ஆகிவிட்டதே" என்ற பேச்சு எத்தனையோ வீடுகளில் மணிக்கணக்கான தாமதத்துக்குக் காரணமாகிறது.

ஒரு பெண்ணைத் தோட்டத்திலிருந்து மதியம் அழைத்து வந்தார்கள். வலது தோள் வலிக்கிறது, காலையில் காய் மூட்டை தூக்கியதால் இருக்கும் என்றார். படுக்கவைத்ததும் தோள் வலி கூடியது. கை சில்லென்று இருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே தெரியவில்லை. வயிற்றுக்குள் கசிந்த இரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோள் நுனியில் தெரியும். மூட்டை தூக்கும் தொழிலில் இருப்பவர்களிடம் இந்த அறிகுறி எவ்வளவு எளிதாகத் தவறிப்போகும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அவர் அறுவைச் சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார்.

உங்கள் அக்காவின் வலி தானாக நின்றது என்கிறீர்களே, அதற்காகவே இந்த வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தால், குறிப்பாக 5 செ.மீ.க்கு மேல் இருந்தால், சினைப்பை தன் காம்போடு முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கு சற்றுத் தளர்ந்தால் வலி விடும், மறுபடி முறுக்கினால் குமட்டலும் வாந்தியுமாக ஒரு பக்கத்தில் பிடுங்கும். இரத்த ஓட்டம் நின்றுவிட்ட சினைப்பையைக் காப்பாற்றச் சில மணி நேரமே கிடைக்கும். இது திருமணமாகாத பெண்பிள்ளைகளுக்கும் வரும். பள்ளி செல்லும் மகள் ஒரு பக்கத்து அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தால், மாதவிலக்கு வலி என்று அறைக்குள் படுக்கவைத்துவிடாதீர்கள்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். காய்ச்சலோடு நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் சேர்ந்தால் கருக்குழாயில் கிருமித் தொற்றாக இருக்கலாம். இரண்டுக்கும் அன்றே மருத்துவம் வேண்டும். ஸ்கேன் எடுக்காமல் மருந்துக்கடையில் கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்கியிருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. அம்மாத்திரை குழாயில் தங்கிய கருவைக் கலைக்காது. அதன் பிறகு வரும் வலியையும் உதிரத்தையும் மாத்திரையின் வேலை என்று எண்ணி ஏமாந்துவிடுவோம். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் முழுதாக நனைந்தாலும் அது அவசர நிலைதான்.

மாதாமாதம் வருவதுபோலவே வந்து, வழக்கமான மாத்திரைக்கு அடங்கி, நடமாட முடிகிற வலி என்றால் மறுநாள் பார்க்கலாம். இரு மாதவிலக்குகளுக்கு நடுவே கருமுட்டை வெளிவரும்போது ஒரு பக்கமாகச் சுள்ளென்று வலித்து ஓரிரு நாளில் போவதும் உண்டு.

மேலே தோட்டத்தில் இருக்கும்போது வந்தால், 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாடு, கேரளம் இரு மாநிலங்களிலும் உண்டு. எல்லையில் உள்ள மெட்டுப் பக்கத்தில் செல்போன் எந்த மாநிலக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு அழைப்பு போகக்கூடும் என்பதால், எஸ்டேட் பெயரையும் மாநிலத்தையும் முதலில் சொல்லுங்கள். மயக்கம் வருகிறவரைத் தேனிக்கே கொண்டுபோக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். கட்டப்பனை பக்கம் என்றால் கட்டப்பனையிலேயே, அறுவை அரங்கும் இரத்தம் ஏற்றும் வசதியும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். அறுவை தேவைப்படலாம் என்பதால் வழியில் டீயோ சோறோ கொடுக்காதீர்கள். கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதி, இரத்த வகை, போட்டுக்கொண்ட மாத்திரை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கருவுற்றிருக்கக்கூடுமா என்ற கேள்வியை அத்தை, மாமியார், மேஸ்திரி எல்லாரும் சூழ்ந்து நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. அவரைத் தனியே விட்டுக் கேட்கச் சொல்லி நீங்களே செவிலியரிடம் சொல்லலாம். சிறுநீர்ப் பரிசோதனை அட்டையில் ஒரு கோடுதான் வந்தது என்பதற்காக, மயங்கி விழுந்தவரை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கவும் கூடாது.