ஒரே லேப்டாப்பில் சர்வரும் டெஸ்க்டாப்பும்: டெல்டா நண்பர்களின் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து நண்பர்கள் டூயல் பூட் (ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் வைத்து, ஒன்றைத் தேர்ந்து தொடங்குவது) பற்றிக் கேட்டவற்றை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஹோம் இருக்கிறது. 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் சர்வர் 2022 கற்க வேண்டும். டூயல் பூட் போடலாமா?

போடலாம் தம்பி. ஆனால் எதைக் கற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். டூயல் பூட் என்பது வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போல. ஒரு வயலுக்குப் பாயும்போது மற்றது காத்திருக்கும். ஆக்டிவ் டைரக்டரி, டிஎச்சிபி, குரூப் பாலிசி போன்ற நெட்வொர்க் நிர்வாகப் பாடங்களைப் படிக்க சர்வரும் அதனுடன் பேசும் இன்னொரு கணினியும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். அதற்கு விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிதான் சரி. ஹோம் பதிப்பில் அதை ஓட்டும் ஹைப்பர்-வி கிடையாது, விர்ச்சுவல்பாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். சர்வருக்கு 4 ஜிபி, கிளையண்டுக்கு 4 ஜிபி ஒதுக்கினாலும் உங்களுக்கு 8 ஜிபி மிஞ்சும்.

நிஜ வன்பொருளில்தான் ஓட்ட வேண்டும் என்றால் டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்காமலே ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் சர்வரை ஒரு விஎச்டிஎக்ஸ் கோப்புக்குள் (டிஸ்க் போலவே நடந்துகொள்ளும் கோப்பு) நிறுவி, அந்தக் கோப்பிலிருந்தே பூட் செய்யலாம். நிறுவும் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-ம் அழுத்தினால் கட்டளை தட்டும் கறுப்புத் திரை வரும். அங்கே டிஸ்க்பார்ட் கட்டளை மூலம் 60 ஜிபி அளவில் கோப்பை உருவாக்கி இணைத்துவிட்டு, அதையே இலக்காகத் தேர்ந்தெடுங்கள். இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது என்று ஒரு எச்சரிக்கை வரலாம், நெக்ஸ்ட் அழுத்தினால் போய்விடும். வேண்டாம் என்றால் பூட் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுக் கோப்பை அழித்தால் போதும். ஒரு நிபந்தனை: கோப்பு இருக்கும் டிரைவில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டும் குறியாக்கம்) இருக்கக் கூடாது. சர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பு 180 நாட்களுக்கு இலவசம். ஒரு செமஸ்டருக்கு அதுவே தாராளம்.

பேராவூரணி: விண்டோஸ் சர்வரைப் போட்டுவிட்டேன். வைஃபையும் இல்லை, சத்தமும் இல்லை. டிரைவர் போச்சா சார்?

டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். சர்வர் என்றால் கேபிள் மாட்டிய இயந்திரம் என்ற எண்ணத்தில் செய்தது. சர்வர் மேனேஜரில் ஆட் ரோல்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் போய், வயர்லெஸ் லேன் சர்வீஸைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். சத்தத்துக்கு சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் ஆடியோவை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். அப்புறமும் வரவில்லை என்றால்தான் டிரைவர். லேப்டாப் கம்பெனியின் நிறுவும் கோப்பு சில நேரம் சர்வரைப் பார்த்ததும் மறுத்துவிடும். கோப்பைப் பிரித்து, டிவைஸ் மேனேஜர் வழியாகக் கையால் காட்டிப் பாருங்கள். அணைக்கும்போதெல்லாம் ஏன் அணைக்கிறாய் என்று காரணம் கேட்கும், பயப்பட வேண்டாம், அது அதன் குணம்.

மன்னார்குடி, அரிசி ஆலைக் கணக்கர்: மூன்று கணினிகளுக்கும் டேலி டேட்டா ஒரே இடத்தில் வேண்டும். பகலில் என் லேப்டாப் சர்வராக, இரவு வீட்டில் டெஸ்க்டாப்பாக இருக்கட்டும் என்று முதலாளி சொல்கிறார்.

வேண்டாம் ஐயா. கொள்முதல் நேரத்தில் நீங்கள் ஒரு நாள் பேங்குக்கு லேப்டாப்போடு போனால் மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மூன்று கணினிக்கு சர்வர் இயங்குதளமே தேவையில்லை. சாதாரண விண்டோஸ் 11 ப்ரோ போட்ட ஒரு டெஸ்க்டாப்பை ஆலையிலேயே வைத்து ஃபோல்டரைப் பகிருங்கள். ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரை அனுமதிக்கும். மதிப்பீட்டுப் பதிப்பை வியாபாரத்துக்குப் பயன்படுத்த உரிமமும் கிடையாது. மிச்சமாகும் பணத்தில் ஒரு யூபிஎஸ்ஸும், தினமும் பேக்கப் எடுக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும் வாங்கச் சொல்லுங்கள்.

பட்டுக்கோட்டை: உபுண்டு டெஸ்க்டாப், உபுண்டு சர்வர் இரண்டையும் தனித்தனிப் பார்ட்டிஷனில் போட வேண்டும்.

எதற்கு? இந்த லினக்ஸ் இயங்குதளங்கள் இரண்டும் ஒரே களஞ்சியத்திலிருந்து வரும் ஒரே மென்பொருள் பொதிகள். டெஸ்க்டாப்பைப் போட்டு, அதிலேயே எஸ்எஸ்எச், அப்பாச்சி, போஸ்ட்கிரெஸ் போன்ற சர்வர் மென்பொருள்களில் எது வேண்டுமோ சேர்த்துக்கொள்ளுங்கள். கறுப்புத் திரையிலேயே பழக வேண்டும் என்றால் சிஸ்டம்டி-யின் (லினக்ஸில் மற்ற சேவைகளைத் தொடங்கும் நிரல்) இயல்பு இலக்கை மல்டி யூசர் என்று மாற்றுங்கள், வரைகலைத் திரை வராது.

திருவாரூர்: விண்டோஸ் 11 பக்கத்தில் உபுண்டு சர்வர் 24.04 போடப் போகிறேன். டேட்டா போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எந்த வரிசையில் செய்வது?

பயம் நல்லதுதான். நான் பார்த்தவரை டேட்டா போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: உபுண்டு சர்வர் நிறுவியில் முழு டிஸ்க்கையும் பயன்படுத்து என்பது ஏற்கெனவே தேர்வாகி இருக்கும். என்டர் என்டர் என்று தட்டிக்கொண்டே போனால் விண்டோஸ் காலி. அங்கே கஸ்டம் ஸ்டோரேஜ் லேஅவுட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதற்கு முன்பு விண்டோஸிலேயே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. முதலில் பேக்கப். அடுத்து பிட்லாக்கர். நான் போடவே இல்லையே என்பீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அது தானாகவே இயங்கியிருக்கலாம். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) செக்யூர் பூட்டைத் தொட்டாலே 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அந்தக் கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். லேப்டாப்புக்குள்ளேயே சேமித்து வைத்தால் பயனில்லை.

பிறகு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸ் அந்த டிரைவில் எழுத மறுக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்குங்கள். 512 ஜிபி டிஸ்க் விண்டோஸில் 476 என்றுதான் காட்டும், யாரும் திருடவில்லை. சர்வருக்கு 60 ஜிபி விட்டால் போதும். பாதி காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க விடுகிறதா? பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன், ரிஸ்டோர் பாயிண்ட் ஆகிய நகராத கோப்புகள் நடுவில் கிடக்கும். தற்காலிகமாக அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால், பயாஸில் டிஸ்க் முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கும். நேராக ஏஎச்சிஐ-க்கு மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டை டிக் செய்து, பிறகு பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை விண்டோஸைத் திறந்து டிக்கை எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையே (பூட் கோப்புகள் உள்ள சிறு பகுதி) உபுண்டுவும் பயன்படுத்தட்டும், அதை ஃபார்மேட் செய்ய வேண்டாம். இணையத்துக்கு லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் யூஎஸ்பி டெதரிங் போட்டால் போதும்.

மயிலாடுதுறை: உபுண்டு வந்துவிட்டது, தொடக்கத்தில் இயங்குதளத்தைத் தேர்வு செய்யும் கிரப் பட்டியலில் விண்டோஸைக் காணோம்.

விண்டோஸ் பத்திரமாக இருக்கும். கிரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைந்திருக்கிறது. இடிசி-க்குள் டிஃபால்ட் ஃபோல்டரில் உள்ள கிரப் கோப்பில் டிசேபிள் ஓஎஸ் புரோபர் வரியை ஃபால்ஸ் ஆக்கி, அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். அவசரத்துக்கு பயாஸின் பூட் மெனுவிலிருந்தே விண்டோஸுக்குப் போகலாம்.

பாபநாசம்: லினக்ஸுக்குப் போய்வந்தால் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தவறுகிறது. பேட்டரி போச்சா?

இல்லை. மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் யூடிசி-யாகவும் (உலகப் பொது நேரம்) படிக்கும். நமக்கும் யூடிசி-க்கும் இடைவெளி ஐந்தரை மணி. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கொண்டு உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

நாகப்பட்டினம்: பழைய லேப்டாப்பை மூடி வைத்து வீட்டில் லினக்ஸ் சர்வராக ஓட்டலாமா? மின்வெட்டுக்குத் தாங்குமே?

சின்ன மின்வெட்டுக்குத் தாங்கும். கஜா புயல் மாதிரி ஒன்று வந்து கம்பமே சாய்ந்தால் எதுவும் தாங்காது, அதற்குப் பேக்கப்தான். ரவுட்டரையும் ஒரு சிறு யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள், அது அணைந்தால் சர்வர் மட்டும் ஓடி என்ன பயன்? மூடியை மூடினால் தூங்காமலிருக்க லாகின்ட் அமைப்புக் கோப்பில் ஹேண்டில் லிட் ஸ்விட்ச் என்பதை இக்னோர் ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆண்டு முழுவதும் சார்ஜரில் கிடந்தால் பேட்டரி உப்பும். பயாஸில் 80 சதவீத வரம்பு இருந்தால் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஏற்கெனவே உப்பியிருந்தால் பேட்டரியைக் கழற்றச் சொல்லிவிட்டு யூபிஎஸ்ஸில் ஓட்டுங்கள்.